மிஷன் டொலோரஸ்: மண்கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும் முதன்முறை காணச் செல்வோருக்கு

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கோல்டன் கேட் பாலத்துக்கு அப்பால் எங்கே அழைத்துச் செல்வது என்று யோசிப்பவர்களும் அரைநாளை ஒதுக்கிச் செல்லத் தகுந்த இடம் ஒன்று அந்நகரின் நடுவிலேயே இருக்கிறது. டொலோரஸ் தெருவும் 16-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் மிஷன் டொலோரஸ் என்னும் சிறிய வெள்ளைக் கத்தோலிக்கக் கோயில் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. நகரில் இன்று முழுமையாக நிற்கும் கட்டடங்களில் அதுவே மிகப் பழையது. அதை ஒட்டியுள்ள கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்து நிதானமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதற்கு அதிக நேரம் கொடுப்பது என்று தெரியாமல் சென்றால் இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். என் முதல் வருகை அப்படித்தான் முடிந்தது. அதன் பிறகு பலமுறை விருந்தினரை அழைத்துச் சென்று கற்றுக்கொண்ட வரிசையைக் கீழே தருகிறேன்.

முதலில் பெயர்

இக்கோயிலின் முறையான பெயர் மிஷன் சான் பிரான்சிஸ்கோ டி ஆசிஸ். நகரத்தின் பெயரும் இதே புனிதரிடமிருந்து வந்ததுதான். தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் 'சான் பிரான்சிஸ்கோ' என்றதும் தங்கள் சவேரியாரை நினைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இவர் அவரல்லர், ஏழ்மையைத் தழுவிய அசிசி நகரத்துப் பிரான்சிஸ். கலிபோர்னியாவில் மிஷன்களை நிறுவிய துறவிகள் அவருடைய சபையைச் சேர்ந்தவர்கள்.

'டொலோரஸ்' என்பது பிறகு ஒட்டிக்கொண்ட வழக்குப் பெயர். 1776-ஆம் ஆண்டு மார்ச் மாதம், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையன்று, இடம் தேடி வந்த ஸ்பானியப் பயணக் குழுவினர் இங்கே ஓடிய சிற்றோடையைக் கண்டு, அன்று நினைவுகூரப்படும் மாதாவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர் 'வியாகுல மாதா' என்று வணங்கும் அன்னையே அவர். ஓடை மறைந்துவிட்டது, வியாகுலம் என்ற பொருள் கொண்ட சொல் மட்டும் தெருவுக்கும் பூங்காவுக்கும் கோயிலுக்கும் பெயராக நிலைத்துவிட்டது.

புறப்படுவதற்கு முன்

திறந்திருக்கும் நேரமும் நுழைவுக்கான காணிக்கைத் தொகையும் அவ்வப்போது மாறுவதால், கோயிலின் இணையதளத்தை அன்றைக்கே ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இது இன்றும் இயங்கிவரும் பங்குக் கோயில் என்பதை மறந்துவிடக் கூடாது. சனிக்கிழமைகளில் திருமணம் இருக்கலாம். எந்த நாளிலும் அடக்கத் திருப்பலி நடக்கலாம். அந்த நேரங்களில் பார்வையாளர்கள் காத்திருக்க நேரும். கலிபோர்னியாவில் மிஷன்கள் நான்காம் வகுப்புப் பாடத்தில் வருவதால், பள்ளி நாட்களில் காலையில் மாணவர் பேருந்துகள் வந்து நிற்பதுண்டு. உங்கள் வீட்டிலும் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அது நல்ல துணை. இல்லாவிட்டால், கூட்டம் கலைந்த பிறகு செல்வது நல்லது. கோயிலின் முகப்பு கிழக்கு நோக்கியது. எனவே படம் எடுக்க விரும்புவோர் காலை வெயில் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும்.

கொஞ்சம் வரலாறும் தெரிந்திருப்பது நல்லது. 1769 முதல் 1823 வரை, தெற்கே சான் டியாகோவிலிருந்து வடக்கே சோனோமா வரை, ஸ்பானியத் துறவிகள் 21 மிஷன்களை நிறுவினார்கள். அந்த வரிசையில் இது ஆறாவது. 1776 ஜூன் 29 அன்று பிரான்சிஸ்கோ பலோவு என்ற துறவி இங்கே முதல் பூசையை நிறைவேற்றினார். குடியேறிகளையும் படைவீரர்களையும் வழிநடத்தி வந்தவர் ஹோசே ஹோக்கின் மொராகா. கண்டத்தின் மறுகோடியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் வெளியாக அப்போது இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன.

மிஷன் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு கோயிலையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் கற்பனை செய்துகொள்வது நம் வழக்கம். இங்கே மிஷன் என்பது வயல், மாட்டுப்பண்ணை, நெசவுக் கொட்டடி, தோல் பதனிடும் இடம், கன்னிப் பெண்களைத் தனியே அடைத்துவைக்கும் விடுதி எல்லாம் கொண்ட ஒரு முழுக் குடியிருப்பு. அதில் உழைத்தவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒலோனி மக்கள். இத்தீபகற்பத்தின் வடமுனையில் வாழ்ந்த அவர்களின் கிளைக்கு யெலாமு என்று பெயர். ஞானஸ்நானம் பெற்றவர் மிஷனை விட்டுத் தம் விருப்பப்படி போக முடியாது. போனால் வீரர்களை அனுப்பிப் பிடித்துவந்து தண்டித்தார்கள். 1795-இல் மட்டும் 200-க்கும் மேற்பட்டோர் இங்கிருந்து தப்பி ஓடினார்கள். 1806-இல் பரவிய தட்டம்மை, விரிகுடாப் பகுதி மிஷன்களில் இருந்த பூர்வகுடிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைக் கொண்டுபோயிற்று. நோயாளிகள் பெருகியதால், வெயில் கூடுதலாக உள்ள வடகரையில் அவர்களுக்கென்றே 1817-இல் சான் ரஃபேல் மிஷனைத் தொடங்க வேண்டியதாயிற்று. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு போனால்தான் அங்கே காண்பதற்குப் பொருள் இருக்கும்.

இன்னொரு முன்னேற்பாட்டையும் பரிந்துரைக்கிறேன். மிஷன் துறவிகள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் கவனமாகப் பதிவேடு எழுதி வைத்தார்கள். 21 மிஷன்களின் பதிவுகளையும் திரட்டி, தெற்கு கலிபோர்னியாவிலுள்ள ஹன்டிங்டன் நூலகம் இணையத்தில் தேடக்கூடிய தரவுத்தளமாக வைத்திருக்கிறது. லட்சத்துக்கும் மேற்பட்ட ஞானஸ்நானப் பதிவுகள் அதில் உள்ளன. கிளம்புவதற்கு முந்தைய இரவு பத்து நிமிடம் அதில் செலவிடுங்கள். 1777 ஜூன் 24 அன்று இங்கே முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர் சாமிஸ் என்ற இருபது வயது இளைஞர். அவருடைய சொந்த ஊர் கோயிலுக்கு அருகிலேயே இருந்த சூச்சுயி. அவரைப் போல ஒருவருடைய பெயரையாவது மனத்தில் ஏந்திச் செல்லுங்கள். அதன் பயன் கல்லறைத் தோட்டத்தில் தெரியும்.

போய்ச் சேரும் வழி

காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்தத் தெருக்களில் நிறுத்த இடம் தேடி அலைவதில் பாதி உற்சாகம் போய்விடும். காரின் உள்ளே பை எதையும் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்ற கவலை வேறு. பார்ட் ரயிலில் '16-ஆம் தெரு மிஷன்' நிலையத்தில் இறங்கி, 16-ஆம் தெருவிலேயே மேற்கு நோக்கி நடந்தால், வலென்சியா, கெரேரோ தெருக்களைத் தாண்டி டொலோரஸ் தெரு வந்துவிடும். பத்து நிமிட நடைதான். நிலையத்தின் வெளியே உள்ள சதுக்கம் எந்நேரமும் இரைச்சலாகவும் சற்று ஒழுங்கின்றியும் இருக்கும். வயதானவர்கள் அதைக் கண்டு தயங்கினால், நகரத்துக்குள்ளிருந்து ஜே தடத்து முனி ரயிலில் ஏறிச் சர்ச் தெருவும் 16-ஆம் தெருவும் கூடும் இடத்தில் இறங்குவது அமைதியான வழி. அங்கிருந்து கிழக்கே மிகச் சிறிது தூரமே நடக்க வேண்டும்.

ஃப்ரீமான்ட்டிலிருந்து வருவோருக்கு பெர்ரியெஸாவில் புறப்படும் பச்சைத் தட ரயில் மாறாமல் நேரே கொண்டுவந்து சேர்க்கும். இவ்விரு ஊர்ப் பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் திரும்பவும் எதிர்ப்படும்.

வாசலில்

டொலோரஸ் தெருவின் நடுவே வரிசையாக நிற்கும் பனையினத்து மரங்களின் அருகில் நின்று மேற்கே பார்த்தால் இரண்டு கோயில்கள் தெரியும். வலப்பக்கம், சிற்ப வேலைப்பாடு நிறைந்த கோபுரங்களோடு ஓங்கி நிற்பது 1918-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய கோயில். வேளாங்கண்ணிக்குக் கிடைத்த பசிலிக்கா என்ற தகுதியை இது 1952-இல் பெற்றது. முதன்முறை வருகிறவர்களில் பலர் அதைப் படம் எடுத்துக்கொண்டு, இதுதான் பழைய மிஷன் என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க வந்தது இடப்பக்கம் அடக்கமாக நிற்கும் வெள்ளைக் கட்டடம். தடித்த தூண்கள், ஓட்டுக்கூரை, முகப்பின் மேற்பகுதியில் மாடங்களில் தொங்கும் மூன்று மணிகள் ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணலாம். மணிகள் 1790-களில் மெக்சிகோவிலிருந்து வந்தவை.

நுழைவு நினைவுப்பொருள் கடை வழியாக. காணிக்கையைச் செலுத்தி, வழிகாட்டிக் குறிப்புத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் தந்தையை அழைத்துச் சென்றபோது, ஊர் வழக்கப்படி வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்; தன்னார்வலர் ஒருவர் ஓடிவந்து, ஏதேனும் அடிபட்டுவிட்டதா என்று விசாரித்தார். இங்கே காலணியோடுதான் உள்ளே செல்வார்கள். தொப்பியை மட்டும் கழற்றிவிட வேண்டும்.

உள்ளே: கூரையைப் பாருங்கள்

கதவைத் தாண்டியதும் கண் தானாகவே எதிரே பொன்னிறத்தில் மின்னும் பீடத்துக்குப் போகும். போகட்டும், ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் பின்வரிசைப் பெஞ்சு ஒன்றில் அமர்ந்து தலையை நிமிர்த்துங்கள். உத்தரங்களிலும் அவற்றுக்கு இடைப்பட்ட பலகைகளிலும் சிவப்பு, காவி, வெள்ளை, சாம்பல் நிறங்களில் கூரிய வளைவுகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக அம்பு முனைகளை அடுக்கியதுபோல் ஓடும் கோலத்தைக் காண்பீர்கள். இது ஸ்பெயினிலிருந்து வந்த வடிவமன்று. ஒலோனிப் பெண்கள் கூடை முடையும்போது இழை மாற்றி இழை போட்டு உருவாக்கிய வடிவம். அதையே இலை, வேர், மண் ஆகியவற்றிலிருந்து எடுத்த சாயங்களைக் கொண்டு கூரையில் தீட்டியிருக்கிறார்கள். பின்னாளில் வண்ணம் புதுப்பிக்கப்பட்டிருந்தாலும் வடிவம் மாறவில்லை. கோரைப்பாயின் ஓரத்தில் சாயமேற்றிய கோரையைக் கோத்துப் போடும் பத்தமடைக் கரையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, இந்தக் கோலத்தின் பின்னே ஒரு நெசவுக் கை இருப்பது சொல்லாமலே விளங்கும். இக்கட்டடத்தில் அவர்கள் போட்ட கையெழுத்து என்று நான் கருதுவது இதையே.

அடுத்து, சுவரருகே சென்று சன்னல் அல்லது கதவின் நிலைப்பகுதியில் சுவரின் கனத்தைப் பாருங்கள். நான்கு அடி. களிமண்ணும் வைக்கோலும் குழைத்து வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கற்கள், சூளையைக் காணாதவை, ஏறத்தாழ 36,000 இச்சுவர்களில் அடங்கியுள்ளன. மண்சுவருக்குத் தண்ணீர்தான் பகை என்பது நம் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் மேலே சுண்ணாம்புப் பூச்சும் ஓட்டுக்கூரையும். ரெட்வுட் என்று இங்கே சொல்லப்படும் மரத்தின் உத்தரங்களை ஆணியடிக்காமல், ஈரமான பச்சைத் தோல்வார் கொண்டு இறுக்கிக் கட்டினார்கள். தோல் காய்ந்ததும் கட்டு இரும்பாய் இறுகிவிடும். 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தில், பக்கத்தில் 1876-இல் செங்கல்லால் எழுப்பிய பெரிய கோயில் மீளமுடியாதபடி சிதைந்தது. இந்த மண்கோயிலோ நின்றது. தொடர்ந்து எழுந்த பெருந்தீயும் டொலோரஸ் தெருவரை வந்து நின்றுவிட்டது. பின்னர் வில்லிஸ் போல்க் என்ற கட்டடக்கலைஞரின் மேற்பார்வையில் எஃகு கொடுத்து வலுப்படுத்தினார்கள். கோயிலின் உள்ளளவு பெரிதன்று: நீளம் 114 அடி, அகலம் 22 அடி. நம் ஊர்த் திருமண மண்டபங்களின் சாப்பாட்டுக் கூடம்கூட இதைவிட அகலமாக இருக்கும்.

இப்போது பீடத்துக்கு வாருங்கள். சுரூபங்கள் நிறைந்த அந்தப் பீடச்சுவர் 1796-இல் மெக்சிகோவின் மேற்குக் கரைத் துறைமுகமான சான் பிளாஸிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது; இரு பக்கப் பீடங்கள் 1810-இல் வந்தவை. சலவைக்கல் போலத் தோன்றும் தூண்களில் சில உண்மையில் மரம். கல் ரேகைகளைத் தூரிகையால் வரைந்திருக்கிறார்கள்.

கண்ணுக்குப் படாத ஒன்றும் அங்கே உண்டு. பீடச்சுவர் வருவதற்கு முன், அதன் பின்னாலுள்ள மண்சுவரில் ஒலோனி ஓவியர்கள் ஒரு சுவரோவியம் தீட்டியிருந்தார்கள். பீடச்சுவர் அதை மூடிவிட்டது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெளிச்சம் படாமல் இருந்த அதை, 2004-இல் கூரைப்பகுதி வழியாக ஒளிப்படக் கருவியை இடுக்குக்குள் இறக்கிப் படம் பிடித்தார்கள். வாளால் ஊடுருவப்பட்ட இதயங்கள் அந்தப் படங்களில் தெரிகின்றன. பீடத்தின் முன் நிற்கும்போது, அதன் முதுகுக்குப் பின்னால் சில அடி தூரத்தில் அது இன்னும் இருக்கிறது என்ற நினைவோடு நில்லுங்கள்.

தரையையும் பார்க்கத் தவறாதீர்கள். நகரின் தொடக்கக்கால முக்கியஸ்தர் சிலரைக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். குடியேறிகளை வழிநடத்திய மொராகா அவர்களில் ஒருவர். மெக்சிகோ ஆட்சியில் நகரத் தலைவராக இருந்த நோயேயின் குடும்பம், கரீபியன் தீவில் பிறந்த ஆப்பிரிக்க வம்சாவளி வணிகரும் 1848-இல் இறந்தவருமான வில்லியம் லைடஸ்டார்ஃப் ஆகியோரும் உண்டு. தரைக்கல்லில் பெயரைக் கண்டால் அதைச் சுற்றி நடப்பது மரியாதை.

பிற சமயத்தவர்களும் தயங்காமல் உள்ளே அமரலாம். பிளாஷ் போட்டுப் படமெடுக்க வேண்டாம்; யாராவது ஜெபித்துக்கொண்டிருந்தால் கேமராவை உறைக்குள் வைத்துவிடுங்கள். திருப்பலி நடக்கும்போது உள்ளே இருக்க நேர்ந்தால், நற்கருணைக்காக வரிசை எழுந்ததும் பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் போய்விடக் கூடாது. அது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியது. உட்கார்ந்தபடியே இருப்பதில் எந்தத் தவறும் இல்லை.

இடைப்பட்ட இடங்கள்

பழைய கோயிலிலிருந்து வெளியே வரும் நடைபாதையில், 1791-இல் மிஷன் எப்படி இருந்தது என்று காட்டும் சிறு மாதிரி ஒன்று உள்ளது. 1939-இல் இங்கே நடந்த உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்டது அது. பிள்ளைகளை அங்கே சற்று நிறுத்தி, இப்போது காபிக் கடைகளும் மாடி வீடுகளும் உள்ள இடத்தில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் பசிலிக்காவை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். பக்கச் சன்னல்களின் வண்ணக் கண்ணாடிகளில் 21 மிஷன்களும் வரையப்பட்டுள்ளன, மாதாவின் ஏழு வியாகுலங்களைக் காட்டும் சித்திரங்களும் உள்ளன. 1987-இல் போப் இரண்டாம் ஜான் பால் வந்து சென்றதும் இங்கேதான். பின்புறமுள்ள சிறு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். கால் வலிக்கும் பெரியவர்களுக்காக எதையாவது விட வேண்டியிருந்தால், பசிலிக்காவை விட்டுவிடலாம். கல்லறைத் தோட்டத்தை விடக் கூடாது.

கல்லறைத் தோட்டம்

பழைய கோயிலின் தெற்குச் சுவரை ஒட்டி, ரோஜாச் செடிகளும் உயர்ந்த மரங்களும் நிழல் தரும் சிறிய தோட்டம் இது. தொடக்கத்தில் இதைவிடப் பலமடங்கு பரந்து கிடந்தது. மிச்சத்தின் மேல் தெருவும் கட்டடங்களும் வந்துவிட்டன. சான் பிரான்சிஸ்கோ நகர எல்லைக்குள் புதிய அடக்கங்களை 1900-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; பிறகு இருந்த கல்லறைகளையும் அகற்ற உத்தரவு வந்து, லட்சத்துக்கும் அதிகமான உடல்கள் தெற்கே கோல்மா என்ற சிற்றூருக்கு மாற்றப்பட்டன. அந்தப் பெயர்ப்பில் தப்பி நகருக்குள் எஞ்சியவை, பிரசிடியோ என்ற பழைய படைத்தளத்திலுள்ள படைவீரர் கல்லறையும் இதுவும்தான்.

முதலில் கற்களை வாசியுங்கள். பெரும்பாலானவை 1849-க்குப் பிறகு, தங்க வேட்டைக்கு ஆட்கள் திரண்டுவந்த காலத்தவை. மேலே பெயர், கீழே 'இன்ன மாவட்டத்தில் பிறந்தவர்' என்று அயர்லாந்தின் ஒரு மாவட்டம், அதன் கீழே ஆண்டு, மாதம், நாள் கணக்கிட்டுத் துல்லியமாக எழுதிய வயது. வயதைக் கவனியுங்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இறந்தவர்களின் கற்களுக்கு நடுவே, மாதக் கணக்கிலேயே முடிந்துபோன குழந்தைகளின் கற்கள் குட்டையாக நிற்கும். பிழைப்புத் தேடிக் கடல்கடந்து வந்தவர் தம் சொந்த ஊரைக் கல்லில் வெட்டச் சொல்லிவிட்டுப் போவதற்கு விளக்கவுரை தேவைப்படாது. அந்த வரியின் முன் நம்மவர்கள் எல்லாரும் சற்று நின்றே நகர்கிறார்கள்.

சலவைக்கற்களில் பல, கடற்காற்றும் மழையும் பட்டுச் சர்க்கரைக் கட்டிபோல் மேற்பரப்பு உதிரும் நிலையில் உள்ளன. விரலால் தடவி எழுத்தைத் தேட வேண்டாம். கல்வெட்டுப் பயிலரங்குகளில் மைப்படி எடுத்துப் பழகிய ஆர்வலர்கள் இங்கே தாளையும் கரித்துண்டையும் எடுத்துவிடக் கூடாது. மாவோ தண்ணீரோ தடவி எழுத்தை எழுப்பும் உத்தியும் கூடாது. கைபேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து தானே எழும். பாதையை விட்டு இறங்காதீர்கள். ஏனென்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

தேடிப் பார்க்க வேண்டிய கற்கள் சில உண்டு. கலிபோர்னியாவிலேயே பிறந்து அதன் ஆளுநரான முதல் மனிதர், 1830-இல் இறந்த லூயிஸ் அன்டோனியோ ஆர்குவேயோ; நகரத்தின் ஆர்குவெல்லோ பெருவழியின் பெயர் அக்குடும்பத்தினுடையது. 1834-இல் நகரின் முதல் தலைவரான பிரான்சிஸ்கோ டி ஹாரோ. அவர் பெயரிலும் தெரு உண்டு. மொராகா, நோயே, லைடஸ்டார்ஃப் ஆகியோர் பெயரிலும் தெருக்கள் இருப்பதால், வரைபடத்தில் வழி தேடும்போது தினமும் உச்சரித்த பெயர்களுக்கு இங்கே ஆள் கிடைக்கும். டி ஹாரோவின் கதையில் கசப்பான ஓர் அத்தியாயம் உண்டு. 1846-இல் அவருடைய இரட்டைப் பிள்ளைகளையும், உடன் வந்த முதியவர் பெர்ரியெஸாவையும் அமெரிக்கப் படை அதிகாரி ஜான் ஃப்ரீமான்ட்டின் ஆட்கள் சான் ரஃபேல் அருகே சுட்டுக் கொன்றார்கள். பச்சைத் தட ரயிலின் கடைசி நிலையம் நிற்கும் பகுதி அம்முதியவரின் குடும்பப் பெயரைத் தாங்குகிறது. அதே தடத்திலுள்ள நகரம் கொன்றவர்களின் தலைவர் பெயரைத் தாங்குகிறது.

பழுப்பு மணற்கல்லில் தீயணைப்பு வீரரின் தலைக்கவசமும் தலைகீழான தீப்பந்தமும் செதுக்கிய உயரமான நினைவுச்சின்னம் ஜேம்ஸ் கேஸியுடையது. பத்திரிகை ஆசிரியர் ஒருவரைச் சுட்டதற்காக, 1856 மே 22 அன்று, நீதிமன்றத்தைப் புறக்கணித்துத் தாமே கூடிய கண்காணிப்புக் குழுவினர் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருடைய தீயணைப்புக் குழுத் தோழர்கள் எழுப்பிய கல் அது. 'என்னைத் துன்புறுத்தியவர்களைக் கடவுள் மன்னிப்பாராக' என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அன்றே அவரோடு தூக்கிலிடப்பட்ட சூதாடி சார்ல்ஸ் கோராவும் இத்தோட்டத்தில்தான் கிடக்கிறார்.

கற்களை முடித்த பின், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இவ்வளவு நேரம் வாசித்த பெயர்களை நினைத்துப் பாருங்கள். ஐரிஷ், ஸ்பானிய, பிரெஞ்சுப் பெயர்கள். கூரையைத் தீட்டியவர்கள், 36,000 கற்களை அறுத்தவர்கள், மாடு மேய்த்தவர்கள் எங்கே? ஒலோனி, மீவோக் முதலிய பூர்வகுடியினர் 5,000-க்கும் மேற்பட்டோர் இந்தத் தோட்டத்திலும் இதைச் சுற்றியுள்ள நிலத்திலும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கல் இல்லை. பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்றது இதற்காகத்தான்: இங்கே வெறும் புல்தரை என்று ஒன்று கிடையாது. முந்தைய இரவு பதிவேட்டில் பார்த்த பெயர் இருந்தால் அதை நினைத்துக்கொள்ளும் இடமும் இதுவே.

அவர்களை நினைவூட்டும் சில பொருள்கள் பின்னாளில் சேர்க்கப்பட்டுள்ளன. பூர்வகுடிப் பெயர்களைத் தாங்கிய எளிய மரப்பலகை ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஒலோனியர் வாழ்ந்த முறையில் கோரையால் வேய்ந்த குடிசை ஒன்றையும் கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்திய டூலி என்ற நீர்த்தாவரம் நம் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதைக் கட்டுக்கட்டாக வளைத்துக் கட்டிய விதத்தைப் பார்த்த என் தாயார், மழை நேரே இறங்காதபடி சரிவாக அடுக்கியிருக்கிறார்கள் என்று உடனே கண்டுகொண்டார். வட அமெரிக்கப் பூர்வகுடியிலிருந்து புனிதர் பட்டம் பெற்ற கேட்டரி டெகக்விதாவின் சுரூபமும் இருக்கிறது. மிஷன்களின் முதல் தலைவர் ஹுனிபெரோ செர்ரா தலைகுனிந்து நிற்கும் சிலையும் இதே தோட்டத்தில் உண்டு. 2015-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது ஒலோனி வழிவந்தோரில் பலர் எதிர்த்தார்கள். 2020-இல் கோல்டன் கேட் பூங்காவிலிருந்த அவருடைய இன்னொரு சிலையைக் கூட்டம் இழுத்துச் சாய்த்தது. உடன் வரும் பிள்ளைகள் கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லிக் கடந்துவிடாதீர்கள்.

திரும்பும் வழியில்

தெற்கே இரண்டு தெரு நடந்தால் டொலோரஸ் பூங்கா வரும்; கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை அங்கே பிரிக்கலாம். பூங்காவின் தென்மேற்கு மூலைக்கு அருகில், 20-ஆம் தெருவும் சர்ச் தெருவும் கூடுமிடத்தில், பொன்வண்ணம் பூசிய தீயணைப்புக் குழாய் ஒன்று நிற்கிறது. 1906 தீயில் மற்றவை வறண்டபோது தண்ணீர் தந்து இப்பகுதியைக் காத்தது அதுவே என்பதால், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 18 விடியலில் அதற்கு மறுபடியும் வண்ணம் பூசுகிறார்கள்.

ஃப்ரீமான்ட்டில் வசிப்பவர்கள் இன்னொரு நாளில் தங்கள் ஊரிலேயே உள்ள மிஷன் சான் ஹோசேவையும் பார்த்துவிடலாம். 1797-இல் நிறுவப்பட்ட அதன் பழைய மண்கோயில் 1868 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. இப்போது நிற்பது 1980-களில் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பியது. கோயிலை ஒட்டிய கல்லறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி, வாஷிங்டன் பெருவழியில், வண்டிகள் வேகமாகக் கடந்துபோகும் ஓரத்தில் ஒலோனியருக்கென்றே தனிக் கல்லறை நிலம் இருக்கிறது. உள்ளே கற்களின் வரிசை எதுவும் இருக்காது. மிஷனைக் கட்ட உதவிய ஒலோனியர் நாலாயிரம் பேர் இங்கே உறங்குகிறார்கள் என்று சொல்லும் ஒரு கல் மட்டும் நிற்கும்.